அச்சில் ஏறாத அமெரிக்கா

ஐக்கிய அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகரிலிருந்து வெளிவரும் 'ஹெரல்ட் லீடர்' நாளிதழ், 2004 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் திகதி தனது முதற் பக்கத்தில் மிகச் சிறியதொரு திருத்தக் குறிப்பை வெளியிட்டிருந்தது. பத்திரிகைகளில் திருத்தக் குறிப்புகள் வெளிவருவது புதுமையான விடயமல்ல. ஒருவரின் பெயர் பிழைத்திருக்கும்; தொகை மாறியிருக்கும்; ஒருவரின் படத்தின் கீழ் வேறொருவரின் பெயர் வந்திருக்கும். அன்றைய குறிப்பு சுட்டிய தவறோ மிகப் பாரதூரமானது. சிவில் உரிமைகள் இயக்கம் பற்றிய செய்திகளை வெளியிட இப்பத்திரிகை தவறிவிட்டமை ஆசிரியரின் கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டுள்ளதெனவும், அதற்காக வருந்துவதாகவும் அக்குறிப்புத் தெரிவித்தது. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைகள் சட்டம் 1964 இல் நிறைவேறி 40 ஆண்டுகள் கடந்த பின்னர் வெளிவந்த திருத்தம் அது.

அன்று ஒரே உரிமையின் கீழ் தனித்தனியாக வெளிவந்த இரு பத்திரிகைகளே பின்னாளில் இந்த நாளிதழாக ஒன்றிணைந்தன. உணவகங்களில் தமக்கும் இடந்தர வேண்டுமெனக் கோரிக் கறுப்பின மாணவர்கள் அமர்ந்திருந்தபோதும், திரையரங்குகளின் முன்னால் மறியலில் ஈடுபட்டபோதும் அவ்விரு பத்திரிகைகளும் அவற்றைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. வெளிவந்த சிறு செய்திகளும் உட்பக்கங்களின் மூலைகளிலேயே இடம்பெற்றன. கறுப்பின மக்களின் திருமணங்களும் மரணங்களும் ஒன்றுகூடல்களும் ஒரு தனிப் பத்தியில் ஒதுக்கி வைக்கப்பட்டன. செய்தியை வெளியிடாவிட்டால் போராட்டம் தானாகவே அடங்கிவிடும் என்பது பத்திரிகை நிர்வாகத்தின் நம்பிக்கையாக இருந்தது. போராட்டம் அடங்கவில்லை. அந்நகரின் வரலாற்றில் மட்டும் ஒரு பெரிய வெற்றிடம் விழுந்தது.

இரண்டு தசாப்தங்களுக்கு முந்திய இந்தக் குறிப்பை நாம் இன்று நினைவுகூருவதற்குக் காரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை, குறிப்பாக 1950 களை, அமெரிக்காவின் பொற்காலமாகக் காணும் ஏக்கம் அந்நாட்டு அரசியலில் வலுப்பெற்று வந்துள்ளது. அமெரிக்காவை மீண்டும் மகத்தானதாக்குவோம் என்ற முழக்கத்தை ஏற்றவர்களுள் பலரின் மனக்கண்ணில் நிற்பது அந்தக் காலமே. ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் 2025 மார்ச்சில் பிறப்பித்த நிறைவேற்று ஆணையொன்று, அமெரிக்க வரலாறு திரிபுபடுத்தப்பட்டு நாட்டின் பெருமை குலைக்கப்படுவதாகக் குற்றஞ்சாட்டியது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகங்களிலிருந்து பொருத்தமற்ற கருத்தியலை அகற்றுமாறு அது பணித்தது. வாஷிங்டனில் 2016 இல் திறக்கப்பட்ட ஆபிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுத் தேசிய அருங்காட்சியகமும் அந்த ஆணையில் பெயர் குறித்துச் சுட்டப்பட்டது. ஆகவே, அந்தப் பொற்காலத்தில் உண்மையில் என்ன நடந்தது, அதை யார் பதிவு செய்தார்கள், யார் பதிவு செய்ய மறுத்தார்கள் என்பன இன்று வெறும் வரலாற்று மாணவர்களின் கேள்விகளாக இல்லை.

பொற்காலம் என்ற எண்ணம் ஆதாரமின்றித் தோன்றியதல்ல என்பதையும் ஏற்கத்தான் வேண்டும். இரண்டாம் உலகப் போரின் பின்னர் அமெரிக்க மக்களிற் பெரும் பகுதியினரின் அன்றாட வாழ்வு முன்னொருபோதும் இல்லாத அளவு உயர்ந்தது. போரிலிருந்து திரும்பிய படையினருக்கு உயர்கல்விக்கும் வீட்டுக் கடனுக்கும் 1944 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. நியூயோர்க்கின் லோங் ஐலண்ட் பகுதியில் 1947 இல் ஆரம்பிக்கப்பட்ட லெவிட்டவுன் குடியேற்றத்தில் 17,000 இற்கு மேற்பட்ட வீடுகள், தொழிற்சாலையில் பொருட்கள் உற்பத்தியாகும் வேகத்தில் எழுந்தன. 1949 இல் அங்கு ஒரு வீட்டின் விலை 7,990 டொலர். 1950 இல் நூற்றுக்கு 9 குடும்பங்களிடமே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 1960 இல் அது 87 ஆக உயர்ந்தது. 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடரின் நாயகிக்குக் குழந்தை பிறந்த காட்சியை 1953 ஜனவரி 19 ஆம் திகதி ஏறத்தாழ 44 மில்லியன் மக்கள் பார்த்தனர். மறுநாள் ஜனாதிபதி ஐசன்ஹோவரின் பதவியேற்பைத் தொலைக்காட்சியிற் கண்டவர்கள் சுமார் 29 மில்லியன் பேரே. சமையலறையிற் குளிர்சாதனப் பெட்டி, வாசலில் கார், மாலையில் தொலைக்காட்சி முன் கூடியிருக்கும் குடும்பம் என்ற அந்தப் படம் பொய்யானதல்ல. ஆனால் அந்தப் படத்தின் விளிம்பு எங்கே வெட்டப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

லெவிட்டவுனின் தொடக்ககால வாடகை உடன்படிக்கைகளில், வெள்ளையர் அல்லாதோர் வீட்டுப் பணியாளர்களாக அன்றி அங்கு குடியிருக்க முடியாதென்ற நிபந்தனை எழுத்திலேயே இருந்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாதென 1948 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதமளித்த கூட்டாட்சி அரசின் நிறுவனமே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைக் கடனுக்குத் தகுதியற்றவை என ஒதுக்கி வந்தமையால் நடைமுறை மாறவில்லை. 1957 ஓகஸ்டில் பென்சில்வேனியாவிலுள்ள இன்னொரு லெவிட்டவுனில் முதலாவது கறுப்பினக் குடும்பம் வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது, நூற்றுக்கணக்கானோர் அவ்வீட்டின் முன் திரண்டு கல்லெறிந்தனர். இங்கு தெற்கின் பருத்தித் தோட்டங்களைக் கைகாட்டித் தப்பிவிட முடியாது. சம்பவம் நடந்தது வடக்கில்.

தொலைக்காட்சியிலும் இதே வேலிதான். புகழ்பெற்ற பாடகர் நாட் கிங் கோலின் நிகழ்ச்சியை 1956 நவம்பரில் என்.பி.சி. நிறுவனம் ஆரம்பித்தது. வெள்ளையரும் அவரது இசைத்தட்டுகளை விரும்பி வாங்கிக் கொண்டிருந்த காலம் அது. ஆயினும், நாடளாவிய ரீதியில் அந்நிகழ்ச்சிக்கு அனுசரணை வழங்க எந்தவொரு வர்த்தக நிறுவனமும் முன்வரவில்லை. தெற்கிலுள்ள வெள்ளை வாடிக்கையாளரின் கோபத்திற்கு ஆளாவோமோ என்ற அச்சமே காரணம். 1957 டிசம்பரில் நிகழ்ச்சி நின்றுபோனது. விளம்பர உலகம் இருளைக் கண்டு அஞ்சுகின்றது என்று அவர் கசப்புடன் கூறியது அமெரிக்க ஒலிபரப்பு வரலாற்றில் நிலைத்துவிட்டது. அவருடைய குரல் வெள்ளையரின் வீடுகளுக்குள் நுழையலாம். விருந்தினராக அவரே நுழைய முடியாது என்பதே அதன் பொருள்.

பெயர்களின் விடயத்தில் இந்தப் புறக்கணிப்பு இன்னும் நுட்பமானது. தென் மாநிலங்களின் வெள்ளையர் பத்திரிகைகள் பலவற்றில் 'திரு', 'திருமதி' என்ற அடைமொழிகள் கறுப்பின மக்களின் பெயர்களுக்கு முன்னால் நெடுங்காலம் அச்சிடப்படவில்லை. நீதிமன்றங்களிலும் இதுவே வழக்கம். அலபாமாவில் மேரி ஹமில்டன் என்ற சிவில் உரிமைச் செயற்பாட்டாளர், தன்னை வெறுமனே 'மேரி' என அழைத்த அரச சட்டத்தரணிக்குப் பதிலளிக்க மறுத்தார். அதற்காக அவர் நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்தின் பேரில் தண்டிக்கப்பட்டார். 1964 இல் உயர் நீதிமன்றம் அத்தண்டனையை இரத்துச் செய்தது. அதே ஆண்டில் குத்துச்சண்டை உலகச் சம்பியனான இளைஞர் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவியதை அறிவித்து, முஹம்மத் அலி என்ற பெயரை ஏற்றார். நியூயோர்க் டைம்ஸ் உட்படப் பல பெரும் பத்திரிகைகள் அதன் பின்னரும் பல ஆண்டுகள் அவரைப் பழைய பெயரிலேயே குறிப்பிட்டு வந்தன. ஒருவரை எப்பெயரால் அழைப்பது என்பதை அவரிடமிருந்து பறித்துத் தானே தீர்மானிக்கும் அதிகாரம் பத்திரிகைக்கு உண்டு என்ற எண்ணத்தையே இச்சம்பவங்கள் காட்டுகின்றன.

பெரும் ஊடகங்கள் மூடி வைத்த கதவைத் திறந்தது எது என்ற கேள்விக்கு 1955 ஆம் ஆண்டு விடை தருகின்றது. சிக்காகோவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில், விடுமுறையில் உறவினரிடம் சென்றிருந்தபோது, ஓகஸ்ட் 28 ஆம் திகதி மிசிசிப்பி மாநிலத்தில் கடத்திக் கொல்லப்பட்டான். வெள்ளைப் பெண் ஒருவரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டான் என்பதே அவன்மீது சுமத்தப்பட்ட குற்றம். ஆற்றிலிருந்து மீட்கப்பட்ட உடல் அடையாளங்காண முடியாதவாறு சிதைந்திருந்தது. அவனது தாய் மேமி டில், பேழையைத் திறந்தே வைக்க வேண்டுமெனப் பிடிவாதமாக நின்றார். தன் மகனுக்கு நேர்ந்ததை உலகம் காண வேண்டுமென்பது அவரது உறுதி. பல்லாயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்துச் சென்றனர். கறுப்பினத்தவரான ஜோன் ஜோன்சன் 1951 இல் ஆரம்பித்த 'ஜெட்' என்ற கையடக்க வார சஞ்சிகை அந்த முகத்தின் புகைப்படத்தை வெளியிட்டது. 'சிக்காகோ டிஃபெண்டர்' போன்ற கறுப்பினப் பத்திரிகைகளும் வெளியிட்டன. வெள்ளையரின் பெரும் பத்திரிகைகள் வெளியிடவில்லை.

வழக்கு விசாரணையின்போது கறுப்பினச் செய்தியாளர்களுக்கென நீதிமன்றத்தின் ஓரத்தில் தனியான சிறு மேசையொன்றே ஒதுக்கப்பட்டது. ஆயினும், அச்சத்தால் ஒதுங்கியிருந்த சாட்சிகளைத் தேடிக் கண்டுபிடிக்க உதவியவர்கள் அந்த மேசையில் அமர்ந்திருந்தவர்களே. வெள்ளை ஆண்கள் மட்டுமே அடங்கிய ஜூரி சபை சுமார் ஒரு மணி நேரத்தில் எதிரிகள் இருவரையும் விடுதலை செய்தது. மீண்டும் அதே குற்றத்திற்காகத் தம்மை விசாரிக்க முடியாதென்பதை அறிந்திருந்த அவ்விருவரும், 1956 ஜனவரியில் 'லுக்' என்ற பிரபல சஞ்சிகைக்குப் பணம் பெற்றுக்கொண்டு தமது கொலையை ஒப்புக்கொண்டனர். தாயின் துயரத்தைச் சிறிய சஞ்சிகை அச்சிட்டது. கொலையாளியின் வாக்குமூலத்தைப் பெரிய சஞ்சிகை விலைகொடுத்து வாங்கியது. அக்காலத்து அமெரிக்க ஊடகத்துறையை விளங்கிக் கொள்ள இந்த ஒப்பீடே போதுமானது.

எனினும், வெள்ளையர் பத்திரிகைகள் அனைத்தையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது நியாயமாகாது. அலபாமாவின் மொன்ட்கொமரி நகரில் 1955 டிசம்பரில் கறுப்பின மக்கள் பஸ் புறக்கணிப்பை ஆரம்பித்தபோது, கையால் விநியோகிக்கப்பட்ட துண்டுப் பிரசுரங்களுடன், உள்ளூர்ப் பத்திரிகையான 'மொன்ட்கொமரி அட்வர்டைசர்' முதற் பக்கத்தில் வெளியிட்ட செய்தியும் அந்த அழைப்பைப் பரப்பியது. 381 நாட்கள் நீடித்த அப்புறக்கணிப்பு வெற்றியில் முடிந்தது. 1957 இல் ஆர்கன்சோ மாநிலத்தின் லிட்டில் ரொக் நகரில் 9 கறுப்பின மாணவர்கள் பாடசாலைக்குள் நுழைவதைத் தடுக்கக் கும்பல்கள் திரண்டன. அப்போது 'ஆர்கன்சோ கசட்' பத்திரிகையின் ஆசிரியர் ஹரி அஷ்மோர் சட்டத்தின் பக்கம் நின்று எழுதினார். வாசகர்களும் விளம்பரதாரர்களும் விலகிச் சென்றமையால் பத்திரிகை பெரும் இழப்பைச் சந்தித்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசுகளையும் பெற்றது. அதே நகரில் அலெக்ஸ் வில்சன் என்ற கறுப்பினப் பத்திரிகை ஆசிரியர் கும்பலால் தாக்கப்பட்டார். ஓட மறுத்து, விழுந்த தொப்பியை எடுத்துச் சரிசெய்துகொண்டு அவர் நடந்துசென்ற காட்சி புகைப்படங்களாக நாடெங்கும் பரவியது. மனச்சாட்சிக்கு இரு தரப்பினரும் விலை கொடுத்தனர். ஒருவர் கொடுத்த விலை விற்பனை. மற்றவர் கொடுத்தது தன் உடல்.

செய்தியைத் தடுக்க விரும்பியோரிடம் கும்பல்களை விட வலுவான ஆயுதங்களும் இருந்தன. மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனில் இயங்கிய டபிள்யூ.எல்.பி.ரி. தொலைக்காட்சி நிலையம், 1955 இல் கறுப்பினச் சட்டத்தரணி தர்குட் மார்ஷல் தோன்றிய நிகழ்ச்சியின்போது, தொழில்நுட்பக் கோளாறு எனத் திரையில் அறிவித்து ஒளிபரப்பை மறைத்தது. அதன் ஒளிபரப்பு எல்லைக்குள் வாழ்ந்தோரில் ஏறத்தாழ 45 வீதத்தினர் கறுப்பின மக்கள். அங்கு தமக்கும் நேரம் வேண்டுமெனப் பல ஆண்டுகள் போராடிய மெட்கர் எவர்ஸ், 1963 மே மாதத்தில் ஒருமுறை பேச அனுமதிக்கப்பட்டார். மூன்று வாரங்களின் பின்னர் தமது வீட்டு வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்நிலையில், 1964 இல் ஐக்கிய கிறிஸ்து திருச்சபை ஒரு புதிய வழியைக் கையாண்டது. அந்நிலையத்தின் ஒரு வார நிகழ்ச்சிகளை இரகசியமாகப் பதிவுசெய்து, அதன் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கலாகாதென அது மனுச் செய்தது. போட்டி நிலையங்களுக்கே எதிர்ப்புத் தெரிவிக்க உரிமையுண்டு, பார்வையாளருக்கு அவ்வுரிமை இல்லையென்பது அதுவரை இருந்த நிலைப்பாடு. பார்வையாளருக்கும் அவ்வுரிமை உண்டென 1966 இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1969 இல் அனுமதிப்பத்திரம் செல்லுபடியற்றதாக்கப்பட்டது. அலைவரிசை மக்களின் சொத்து என்ற கொள்கைக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இன்னொரு ஆயுதம் அவதூறு வழக்கு. போராட்டக்காரருக்கு ஆதரவு கோரி 1960 மார்ச்சில் நியூயோர்க் டைம்ஸில் வெளியான முழுப்பக்க விளம்பரத்தில் இருந்த சில சிறு தகவற் பிழைகளைப் பற்றிக்கொண்டு, மொன்ட்கொமரியின் நகர ஆணையாளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அலபாமா நீதிமன்றம் 5 இலட்சம் டொலரை நட்டஈடாக விதித்தது. இத்தகைய வழக்குகள் பெருகியிருந்தால், வெளிமாநிலப் பத்திரிகைகள் தெற்கிற்குச் செய்தியாளர்களை அனுப்பவே அஞ்சியிருக்கும். 1964 மார்ச் 9 ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஏகமனதாக அத்தீர்ப்பைப் புரட்டியது. பொய்யெனத் தெரிந்தோ, உண்மையைப் பற்றிய பொறுப்பற்ற அலட்சியத்துடனோ எழுதப்பட்டது என நிரூபித்தாலன்றி, பொது அதிகாரியொருவர் தமது கடமை பற்றிய விமர்சனத்திற்காக நட்டஈடு பெற முடியாதென அது விதித்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் இன்றும் அனுபவிக்கும் பாதுகாப்பு, கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து பிறந்ததென்பதை அப்பத்திரிகைகளே பல வேளைகளில் மறந்துவிடுகின்றன.

இதற்கு மறு ஆண்டில், 1965 மார்ச் 7 ஆம் திகதி இரவு, நாசிகளின் குற்றங்களை விசாரித்த நியூரம்பேர்க் நீதிமன்றம் பற்றிய திரைப்படமொன்றை ஏ.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிக் கொண்டிருந்தது. அதனை இடைநிறுத்தி, அலபாமாவின் செல்மா நகரில் வாக்குரிமை கோரி ஊர்வலம் சென்றவர்களைப் பொலிஸார் தடிகளாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கிய காட்சியை அது காட்டியது. ஏறத்தாழ 48 மில்லியன் பேர் அதனைப் பார்த்தனர். ஐந்து மாதங்களில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. வரவேற்பறையில் நகைச்சுவைக்காக வாங்கி வைக்கப்பட்ட பெட்டியே, அந்த வரவேற்பறை மறைத்திருந்த நாட்டைக் காட்டியது.

ஆயினும், ஒரு காட்சியைக் காட்டுவது வேறு. ஒரு சமூகத்தின் வாழ்வைத் தொடர்ந்து சொல்வது வேறு. நகரங்களில் வெடித்த கலவரங்களை ஆராய்ந்த கேர்னர் ஆணைக்குழு, 1968 இல் வெளியிட்ட அறிக்கையின் ஓர் அத்தியாயத்தை ஊடகங்களுக்கென ஒதுக்கியது. வெள்ளையரின் கண்களினூடாகவே பத்திரிகைகள் உலகைக் காண்கின்றன என அது சாடியது. செய்தித்துறையின் ஆசிரியபீடப் பணிகளில் கறுப்பின மக்கள் 5 வீதத்திற்கும் குறைவாகவே இருந்ததையும் எடுத்துக்காட்டியது. புகை எழும்போது மட்டும் வந்துபோகும் கமெரா, அடுப்பு எரியாத வீடுகளைக் காண்பதில்லை.

லெக்சிங்டன் பத்திரிகை காட்டிய வழியில் பின்னர் வேறு சிலவும் சென்றன. மொன்ட்கொமரி அட்வர்டைசர் 2018 ஏப்ரலில், கும்பற் கொலைகள் பற்றித் தான் முற்காலத்தில் எழுதிய விதத்திற்கு வெட்கப்படுவதாக ஆசிரிய தலையங்கம் தீட்டியது. லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸும், கன்சாஸ் சிற்றி ஸ்டாரும் 2020 இல் மன்னிப்புக் கோரின. கும்பற் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டமூலம் முதன்முதலாக 1900 இல் காங்கிரஸில் முன்வைக்கப்பட்டது. எம்மெட் டில்லின் பெயரைத் தாங்கி அது சட்டமானது 2022 மார்ச்சிலேயே.

இம்மன்னிப்புகள் வரவேற்கத்தக்கவை. ஆனால், மன்னிப்புக் கோருவதற்குக் கூட ஓர் ஆதாரம் தேவை. லெக்சிங்டன் பத்திரிகை 2004 இல் தனது தவறைத் திருத்த முற்பட்டபோது, அந்நகரின் போராட்டங்களைக் காட்டும் படங்கள் அதன் சொந்தக் களஞ்சியத்தில் இருக்கவில்லை. அக்காலத்துக் கறுப்பின இளைஞர் ஒருவர் எடுத்துப் பாதுகாத்திருந்த புகைப்படங்களே அவ்வெற்றிடத்தை நிரப்ப உதவின. 'ஜெட்', 'எபனி' சஞ்சிகைகளை வெளியிட்ட நிறுவனம் நொடித்துப் போனபோது, 40 இலட்சத்திற்கும் அதிகமான படங்களைக் கொண்ட அதன் களஞ்சியம் 2019 இல் ஏலத்திற்கு வந்தது. நான்கு அறக்கட்டளைகள் இணைந்து 3 கோடி டொலருக்கு அதனை வாங்கிப் பொதுமக்களின் உடைமையாக்கின. அதே ஆண்டில், 1905 இல் தொடங்கிய சிக்காகோ டிஃபெண்டர் தனது அச்சுப் பதிப்பை நிறுத்திக்கொண்டது. எம்மெட் டில்லின் உடலைத் தாங்கிய முதலாவது பேழை வாஷிங்டனிலுள்ள மேற்கூறிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

கடந்த காலத்தின் குறைகளையே பேசிக் கொண்டிருந்தால் தேசப்பற்றுக் குன்றும் என்போரின் வாதத்தில் ஒரு சிறு நியாயம் இருக்கலாம். ஆனால், குறைகளைப் பேசியவர்களே அந்த நாட்டை அதன் அரசியலமைப்பு அளித்த வாக்குறுதிக்கு அண்மையில் கொண்டுசென்றனர். பேழையைத் திறந்து வைத்த தாயும், தனி மேசையில் அமர்ந்து எழுதிய செய்தியாளரும், தொலைக்காட்சி நிலையத்திற்கு எதிராக மனுச் செய்தவர்களும் தங்கள் நாட்டை வெறுத்தவர்களல்லர். பொற்காலத்தின் பெருமையில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அவர்களைப் படத்திலிருந்து மீண்டும் வெட்டிவிட்டு அக்காலத்தைக் கொண்டாடுவது, 2004 இல் வெளிவந்த அந்தத் திருத்தக் குறிப்பைக் கிழித்தெறிவதற்கு ஒப்பானது.

சிறுபான்மை மக்களின் பத்திரிகைகளுக்கு விற்பனை குறைவு; விளம்பரம் குறைவு; ஆபத்து அதிகம். ஆனால், பெரும்பான்மையினரின் பத்திரிகைகள் அரை நூற்றாண்டின் பின்னர் தங்கள் மனச்சாட்சியைத் தேடும்போது, அவை வந்து தட்டுவது அந்தச் சிறிய பத்திரிகைகளின் களஞ்சியக் கதவுகளையே. அமெரிக்கா நமக்குக் கற்றுத்தரும் பாடம் இதுவே. அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். எழுதியதைப் பாதுகாக்க வேண்டும். எழுதாமல் விட்டதை எந்தத் திருத்தக் குறிப்பாலும் முழுமையாக மீட்டுவிட முடியாது.